வாய் திறந்த மோதிரம்

பனகல் பார்க் பக்கம் நாலாவது கடை.
எனக்கானது முதல் கடையிலேயே முடிந்துவிட்டது,
பத்து நிமிஷம், ஒற்றைச் சிவப்புக் கல்.
அவனுக்கு எடுக்கத்தான் இத்தனை அலைச்சல்.
மூன்று கடையிலும் எங்களை
லேசாகப் பைத்தியம் என்று தீர்மானித்து
ரோஸ்மில்க் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

நான் கேட்டது சின்ன விஷயம்:
பலமாக இழுத்தால்
கழன்றுகொள்ளும் மோதிரம் இருக்கிறதா?

விற்பனைக்காரர் சரியாகக் காதில் விழவில்லை என நினைத்து
"கழலவே கழலாதும்மா, லைஃப்டைம்" என்றார்.
திரும்பவும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஏசியின் சத்தம் மட்டும்.

செல்வின் லிஃப்ட் மெக்கானிக்.
மவுண்ட் ரோட்டில் தொடங்கி சிறுசேரி வரை
தினம் ஏழெட்டுக் கட்டடத்தின் உச்சியில் இருப்பான்.
போன வருஷம் நந்தனத்தில்
கூட வேலைசெய்த பால்தங்கம் அண்ணனின் கல்யாண மோதிரம்
ஒரு போல்ட்டில் மாட்டியது.
அவர் குதித்து இறங்கினார்.
விரல் இறங்கவில்லை.

செல்வின்தான் அதைக் கைக்குட்டையில் பொதிந்து
ராயப்பேட்டை வரை
ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு போனான்.
ஒட்டாது என்றுவிட்டார்கள்.
மோதிரத்தை மட்டும் கழுவிக் கொடுத்தார்களாம்.
அதில் ஒரு கீறல் இல்லை.

இதை வெல்வெட் தட்டின் எதிரே
எந்த வாயால் சொல்வது?
நிச்சயத்துக்கு முன்பே கழல்வதைப் பற்றிப் பேசுகிறாளே என்று
பக்கத்து நாற்காலி அம்மா என்னையே பார்க்கிறாள்.
அவள் மகளுக்குப் பன்னிரண்டாம் நம்பர்
விரல் முட்டியைத் தாண்டிவிட்டது, திரும்பி வர மறுக்கிறது.
சோப்புத் தண்ணி கொண்டுவர ஒரு பையன் ஓடுகிறான்.

போனில் செல்வினின் அம்மா:
"பியூலா, கெட்டியா எடும்மா. ஒரு பவுனுக்குக் குறையாம.
சர்ச்சுல எல்லாரும் பாப்பாங்க.
வேலைக்குப் போறப்ப கழட்டி வச்சிருவான்."

கழற்றித்தான் வைப்பான்.
ஆனால் எனக்கு அவனைத் தெரியும்,
ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு
ஓட்டுகிறவன்.
ஒருநாள் மறப்பான்.
அந்த ஒருநாளுக்குத்தான் நான் மோதிரம் தேடுகிறேன்.

விற்பனைக்காரர் குனிந்து
கடைசி இழுப்பறையிலிருந்து குழந்தைகள் தட்டை எடுத்தார்.
அடிப்பக்கம் வாய் திறந்த வளையங்கள்,
இரண்டு முனைக்கும் நடுவே நூலளவு இடம்.
"பிள்ளைங்க விரல் வளரும்ல, அதுக்கு இப்படி."
பெரியவர்களுக்கு?
"ஆர்டர் கொடுத்தா செய்யலாம். இதுவரை யாரும் கேட்டதில்ல."

செல்வின் ஒன்றை எடுத்தான்,
வண்டிச் சாவியின் முனையில் மாட்டினான்,
வெடுக்கென்று இழுத்தான்.
செக்யூரிட்டி எழுந்து நின்றுவிட்டார்.
சாவி வெளியே வந்திருந்தது.
வளையம் வாயைப் பிளந்துகொண்டு தட்டில் கிடந்தது.
நாலு கடையில் அவன் சிரித்தது அப்போதுதான்.
அந்தக் குட்டி மோதிரத்தையும்
எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

மூன்று கிராம். செய்கூலி. சேதாரம் பன்னிரண்டு சதவீதம்.
நாங்கள் பேசி முடிப்பதற்குள்
பலகையில் கிராமுக்கு எட்டு ரூபாய் ஏறியிருந்தது.
சேதாரம் என்கிறீர்களே, அது எங்கே போகிறது என்று கேட்டேன்.
"பட்டறையில உதிர்றதும்மா. பொடியா."
சரி.
பொடியாகவே உதிரட்டும்.

கீழே வரும்போது கடை லிஃப்டில் ஒரு முனகல்.
செல்வின் தலையைச் சாய்த்துக் கேட்டான்,
நான் பாதியில் விட்ட பேச்சைக் கேட்காமல்.
இரண்டாம் மாடியில் கதவு திறந்ததும் "இறங்கு" என்றான்.
படி வழியாக வெளியே வந்தோம்.
கரும்பு ஜூஸ் வண்டி வரை வந்தவன் நின்று,
"ரெண்டு நிமிஷம், யார்கிட்டயாவது சொல்லிட்டு வந்துடறேன்,
கைடு ரெயில்ல எண்ணெயே இல்ல"
என்று திரும்ப உள்ளே போனான்.

உஸ்மான் ரோட்டில்
அட்வான்ஸ் ரசீதோடு நான்,
இரண்டு நிமிஷம் கழிந்தும்
அந்தப் படியையே பார்த்துக்கொண்டு.