எழுபது சென்டிமீட்டர்

எங்கள் பண்ணையில் பூவுக்கு முதலில் நீளம்,
பிறகுதான் நிறம்.
மேசை விளிம்பில் கோடு கீறி வைத்திருக்கிறார்கள்.
எழுபது என்றால் மாஸ்கோ,
ஐம்பது என்றால் வேறெங்கோ,
கழுத்து வளைந்தது என்றால் குப்பைக் குழி.
வளைந்தவற்றைப் பிரிப்பவள் நான்.
ஒன்பது வருடமாய்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கினார்கள்:
கிளைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.
விற்கலாம், எறியலாம்,
நடக் கூடாது.
அந்த ரகத்தை உண்டாக்கியவர் ஹாலந்தில் இருக்கிறாராம்,
செடி ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு போகுமாம்.
அவர் பெயரென்ன என்று ஒருமுறை கேட்டேன்.
மேற்பார்வையாளருக்கும் தெரியவில்லை.

குழியில் கிடந்த நான்கு தண்டுகளை
ரப்பர் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு
வாசலுக்கு வந்தேன்.
காவலாளி ஃபரினாங்கோ பையைக் கிளறினான்:
சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு ஸ்வெட்டர்.
"ஏன் நொண்டுகிறாய்?"
"ஜனவரி" என்றேன்.
காதலர் தினத்துக்கு முந்தைய மாதம்
காயம்பேயில் எல்லாப் பெண்களுக்கும் கால் வலிக்கும்.
கதவைத் திறந்துவிட்டான்.

ஆடுசதையில் முள் கிழித்த கோடுகளை
இரவு உப்புத்தண்ணீரில் கழுவினேன்.

கணுவுக்குக் கீழே சாய்த்து ஒரு வெட்டு,
மேலே நேராக ஒரு வெட்டு.
பூவைக் கிள்ளியாயிற்று. இலையில் பாதியும் போயிற்று.
தலைகீழாக நட்டுவிடக் கூடாது;
எது தலையென்று
குச்சியின் கண்ணைப் பார்த்தால் தெரியும்.

ஒன்றை உருளைக்கிழங்கில் குத்தி நடச் சொன்னாள்
பக்கத்து வீட்டு ஸொய்லா.
டிவியில் காட்டினார்களாம்.
ரோஜா அழுகியது,
உருளைக்கிழங்கு முளைத்தது.
ஜூனில் தோண்டிச் சூப் வைத்தோம்.
பதினோரு கிழங்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவதைக் கினி எலி தின்றது.
கூண்டைத் திறந்து வைத்தது யார் என்பதில்
என் கணவர் ஹெர்மோஹெனெஸ்
இன்றுவரை வாய் திறக்கவில்லை.

மூன்றாவது துளிர்த்தது.
பத்தே நாளில், செம்பு நிறத்தில், இரண்டு இலை.
தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
ஒட்டுக்கட்டும் பிரிவிலிருந்த ட்ரான்சிட்டோ மட்டும்
உதட்டைப் பிதுக்கினாள்:
"இலையை நம்பாதே.
தண்டில் மிச்சமிருக்கும் பழைய சாற்றைத் தின்றே
பச்சை காட்டும். இழுத்துப் பார்."

இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.
அடியில் வெள்ளையாய் ஒரு தழும்பு,
அதில் நூலளவு ஏதோ
அப்போதுதான் அறுந்திருந்தது.

நான்காவதன் மேல் கோலா பாட்டிலைக் கவிழ்த்து
துவைக்கும் கல்லுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.
பார்க்காமலிருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது,
முழுச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தேன்.
பிறகு ஸொய்லா வீட்டுச் சுவருக்கும்.
விடியலில், மலையின் பனி சிவக்கும் நேரம்,
பாட்டிலின் உட்புறம் மூச்சு படிந்திருக்கும்.
அது போதும் என்று திரும்பிவிடுவேன்.

பண்ணையில் எந்தச் செடியும் தன் காலில் நிற்பதில்லை.
கீழே ஒரு காட்டு ரோஜாவின் வேர்,
மேலே ஹாலந்துக்காரரின் பூ.
என்னுடையது சொந்தக் கால்.
மெலிந்த கால்தான்,
காற்றடித்தால் துடைப்பக் குச்சியில் கட்டிவைக்கிறேன்.

பூத்தது ஆகஸ்டில்.
எந்த ஊரிலும் யாரும் பூ கேட்காத மாதம்.
என் கை தானாகவே அளந்தது:
ஒரு சாண், நான்கு விரல்.
கழுத்தில் வளைவு.
அதே கை குப்பைக் குழியைத் தேடிப்
பின்னால் போனது.
நல்லவேளை, அங்கே சுவர்தான் இருந்தது.

குனிந்து முகர்ந்தேன். மணமில்லை.
நெடுந்தூரம் போகிற பூவுக்கு
அதை முதலிலேயே கழித்துவிடுகிறார்கள் போலும்.

ஹெர்மோஹெனெஸும் குனிந்தார்.
கண்ணை மூடி, வெகுநேரம் முகர்ந்தார்.
"நல்ல வாசனை" என்றார்.

அப்படியென்றால்
கூண்டைத் திறந்துவைத்தது அவர்தான்.