வட்டுவாகலில் நாலு துறை

மாங்குளம் சந்தியில் வான் நின்றபோதே
சண்டை தொடங்கிவிட்டது:
அறிக்கையின் முகப்பில்
எந்தத் துறையின் பெயர் முதலில்?
அகரவரிசை என்றேன் நான்,
சுற்றுலாவின் 'சு' முன்னுக்கு வருமென்று தெரிந்தே.
புவியியல் யன்னலைத் திறந்தது.
பொறியியல் கச்சான் உடைத்தது.
மீன்பிடியியல் பின் இருக்கையில்
எலுமிச்சங்காய் மணந்தபடி
ஒட்டுசுட்டான் வரை வாயே திறக்கவில்லை.

நந்திக்கடல் கரையில் பறவை பார்க்கும் பாதை.
ஒன்றரைக் கிலோமீற்றர், ஒரு மேடை, ஆறு அறிவிப்புப் பலகை.
அரையாண்டு முடியுமுன் வரைபு போகவேண்டும்.

நீர் ஒன்றுதான்.
ஒருவருக்கு அது மணல் நகர்வு,
ஒருவருக்கு உவர்ப்பும் இறால் குஞ்சும்,
ருஸ்னிக்கு, தூண் எவ்வளவு ஆழம் போகவேணும் என்ற கவலை.
எனக்கு, ஒரு வருகையாளர்
சராசரியாக எத்தனை நிமிடம் நிற்பார் என்பது.
பூநாரைகள் எங்கள் நாலு பேருக்கும்
முதுகு காட்டி மேய்ந்தன.

வினாக்கொத்தை முதலில் நாங்களே நிரப்பிப் பார்ப்போம் என்றேன்.
கேள்வி மூன்று:
இவ்விடத்துக்கு நீங்கள் வருவது எத்தனையாவது தடவை?
(அ) முதல் தடவை
(ஆ) இரண்டு முதல் ஐந்து
(இ) அதற்கு மேல்

நிதர்சிகா பேனையைக் கடித்தாள்.
என் வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை,
எதையும் வெற்றாக விட்டதில்லை.
"மிஸ், நடந்து கடந்ததும் கணக்கா?"
எப்ப என்று கேட்டுவிட்டேன்.
"நாலு வயசில. அந்தப் பாலத்தால."
பிறகு தானே திருத்தினாள்:
"நடக்கேல்லை. மாமான்ரை தோளில."

கேள்வி நாலு: வருகையின் நோக்கம்.
அதை நான் வாசிக்கவில்லை.

துறை என்றால் நீரில் இறங்குமிடம் என்றும்
பொருள் உண்டு.
அன்று இங்கே துறை எதுவும் இருக்கவில்லை,
எல்லாரும் இறங்கினார்கள்.

ருஸ்னிதான் கேட்டான், அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே,
வானிலை கேட்பதுபோல:
"மேடையில நிண்டா பாலம் தெரியவேணுமா,
தெரியக்கூடாதா?"
அவள் அவசரப்படவில்லை.
ஒரு மோட்டார்சைக்கிள் பாலத்தைக் கடந்து முடியும்வரை பார்த்தாள்.
"தெரியட்டும்.
பாலத்தில போறவைக்கு மேடை தெரியக்கூடாது."

இந்த ஒரு வசனம்
எந்தப் பாட இலக்கத்துக்குள்ளும் அடங்கவில்லை.
புவியியல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி
பார்வைக்கோடு பிடித்தது.
இந்த உவர்ப்புக்கு எந்தக் கண்டல்
மூன்று வருடத்தில் ஆளுயரம் வளரும் என்று
மீன்பிடியியல் விரல்விட்டுச் சொன்னது,
"குருவிக்கும் அதுதானே வேணும்,
தன்னைப் பாக்கிறவனைத் தெரியக்கூடாது."
ருஸ்னி மேடையை அழித்து
எழுபது மீற்றர் வடக்கே வரைந்தான், பதிவாக,
கண்மட்டத்துக்கு ஒரு கீற்று மட்டும் விட்டு.
நான், ஒரு தடவைக்கு நாற்பது பேர் என்றிருந்ததை
பன்னிரண்டாக்கினேன்.
வருமானக் கணக்கு விழுந்துபோனது.
விழட்டும்.

திரும்பும்போது முகப்புப் பெயரைப் பற்றி
யாரும் கதைக்கவில்லை.
புதூர்க் காட்டு இருட்டில், கைபேசி வெளிச்சத்தில்,
கேள்வி மூன்றின் கீழே
(ஈ) என்றொரு கட்டம் சேர்த்தேன்.
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

புள்ளிவிபரவியல் நடராசா கத்துவார்:
பெயரில்லாத கட்டத்தை எந்த நிரலில் போடுவது?
சரி.
அடுத்தமுறை அவரையும் வானில் ஏற்றவேண்டும்.