இருபத்திரண்டாம் பீடம்

ரோடெல் எஞ்சின் ரூமில் எண்ணெய்க்காரன்.
நான் அடுப்படி.
நாற்பதாயிரம் டன் நிலக்கரிக்கு மேலே
எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கண்ணாடி,
இரண்டு தினுசுப் பேய்கள்.

அவன் ஊரில் புற்றுக்குள் ஒரு கிழவன்,
முழங்கால் உயரம், வெள்ளைத் தாடி.
மிதித்தால் கால் வீங்கும்.
மூத்திரம் பெய்தால்
வீங்க வேண்டியது வீங்கும்.
ஆகையால் கடக்கும்போது சொல்லிக்கொள்வார்கள்:
தபி தபி போ.
சற்று ஒதுங்குங்கள் ஐயா, போய்க்கொள்கிறேன்.
அந்தப் 'போ' அவர்களுக்கு மரியாதை.
நம்ம சாமியிடம் சொல்லிப் பாருங்கள்.

பதிலுக்கு நான் இசக்கியைக் கொடுத்தேன்.
நடுச்சாமத்தில் சுண்ணாம்பு கேட்பாள்,
கையால் கொடுக்காதே, கத்தி நுனியில் நீட்டு.
கப்பலில் வெற்றிலை ஏது, இங்கே என்ன கேட்பாள் என்றான்.
சிகரெட்டுக்கு நெருப்பு, என்றேன் சும்மா.
அன்றிலிருந்து
லைட்டரை எவன் கையிலும் தந்ததில்லை.
மேசைமேல் வைத்துத் தள்ளிவிடுவான்.

கானாக்கார போசன் சொன்னதற்குக் கால் இரும்புக் கொக்கி.
சாந்தோஸ் துறைமுகத்தில் ஏறிய பைலட் சொன்னதற்கு
பாதம் பின்பக்கம்.
நம்மதுக்குக் கால் தரையில் பாவாது.
உலகம் பூரா பேய்க்குக் காலில்தான் கோளாறு
என்று சிரித்தோம்.

பிஸ்கேயில், ஒரு மார்கழி இரவு,
மேல்தளத்துக்குப் போனவன் வரவில்லை.
ஆறு மணி நேரம் விளக்கடித்தோம்.
காப்டன் தாளில் நேரம் இருந்தது, அட்சரேகை இருந்தது.
லைட்டர் மேசைமேல் இருந்தது,
என் பக்கமாகத் தள்ளி.

திசையன்விளைக்குத் தெற்கே, தேரிக்குள்,
எங்கள் கோயிலில் இருபத்தொரு பீடம்.
சாஸ்தாவும் அம்மனும் போக
மற்றவர்கள் எல்லாம் செத்தவர்கள்தான்.
வெட்டுப்பட்டவன், கிணற்றில் தள்ளப்பட்டவள்,
பிள்ளை பாதி வந்த நிலையில் போனவள்,
களவுக்கு வந்த இடத்தில் அடிபட்டவன்.
ஆயுசு முடிந்து செத்தவனுக்கு இங்கே கல் கிடையாது.

கொடைக்கு முந்தின வாரம் தவசிலிங்கத்திடம் கேட்டேன்,
இன்னொரு பீடம் போடலாமா.
'யாருக்குவே?'
கூட வேலை பார்த்தவனுக்கு.
'வரி கட்டுன குடும்பமா?'
இல்லை.
'அப்பம் எல்லைக்கு வெளிய வச்சுக்கிடும்.'

உடைமரங்களுக்கு அந்தப்பக்கம்
மூன்று செங்கல்.
ஒரு பாக்கெட் காபித்தூள், சீனி, இரண்டு சிகரெட்.
லைட்டரை மணலில் வைத்துத் தள்ளிவிட்டேன்.
தபி தபி போ என்றேன்.
கொல்லாம்பழம் பொறுக்க வந்த பிள்ளை ஒருத்தி
நின்று பார்த்துவிட்டு ஓடினாள்.
மறுநாள் கடைத்தெருவில் பேச்சு:
லிங்கத்துரை சாமியைப் போ போன்னு விரட்டுதான்.

இரண்டு கப்பல், இரண்டு வருஷம்.
திரும்பி வந்தபோது
ஆடிக்காற்று தேரியைத் தூக்கி வேறிடத்தில் வைத்திருந்தது.
உடைமரங்கள் கழுத்தளவு மணலில்.
எல்லை எதுவென்று
தவசிலிங்கத்துக்கே தெரியவில்லை.
செங்கல்லைக் காணோம்.
அந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு புற்று,
அதற்கு மஞ்சணை பூசி,
செவ்வரளி மாலை போட்டு.

போச்சாமி என்றார்கள்.

சாமக்கொடையில்
பொன்னுக்கிளி வில்லைத் தட்டிப் பாடினாள்:
கைலாசத்தில் வேள்விக் குழியில் பிறந்தவன்,
பிறந்ததும் பசிக்கு நெருப்பைத் தின்றவன்,
மரக்கலம் ஏறி உவரியில் இறங்கி
உப்பு நீர் வடிய நடந்து வந்தவன்.
உடுக்கும் குடமும் ஓய்ந்த இடைவெளியில்
சுக்குக்காப்பி குடித்துக்கொண்டே கேட்டாள்:
'அண்ணாச்சி, கல்லு வச்சது நீங்கதானாமே.
கதை சரியா வருதா?'
சரிதான் என்றேன்.

நேர்ச்சைக்காரர்கள் தீப்பெட்டி கொண்டுவருகிறார்கள்.
ஒருத்தரும் பூசாரி கையில் கொடுக்கவில்லை.
மணலில் வைத்துத் தள்ளிவிடுகிறார்கள்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

புற்றைப் படம் எடுத்து
இலோயிலோவில் இருக்கும் அவன் தங்கைக்கு அனுப்பினேன்.
மூன்று நாள் பதில் இல்லை.
பிறகு வந்தது ஒரே ஒரு வரி:
காபியில் சீனி போடாதீர்கள், அண்ணனுக்குப் பிடிக்காது.