சனிக்கிழமை, 1870

வாசலிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றி
பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும்.
அதற்குமேல் ஷ்ராப்ஷயரில் வருடம் 1870.

கம்பளிப் பாவாடை மழையில் கனக்கிறது.
வெண்ணெய்ப் பீப்பாயை என் கையில் விட்டு
ஹெஸ்டர் பன்றிகளிடம் ஓடிவிட்டாள்.
"சத்தம் மாறும். அப்போது நிறுத்து."
எந்தச் சத்தம், எதுவாக?

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்.
என் முகத்தையும் வெள்ளைத் தொப்பியையும்
மாறி மாறிப் பார்த்த ஒரு பையன்
"அப்போ நீங்க இங்கே இருந்தீங்களா?" என்றான்.

பயிற்சித் தாளில் இந்தக் கேள்வி இல்லை.
வாய் நின்றது, கை நிற்கவில்லை.
சளக், சளக், சளக்,
தொப்.

"இப்போ இருக்கேன்" என்றேன். "மூடியைத் திற."

விரல் விடாதே என்பதற்குள்
நக்கிப் பார்த்துவிட்டு
முகம் சுளித்தான்:
"உப்பே இல்லை."