கையளிப்புத் துண்டு

மாசியில் மூன்று தண்ணி மோட்டர்.
பங்குனியில் இரண்டு,
அதோடு ஜெயமலரின் சீட்டுக்காசும் போனது.
முதிரையடிக்குளத்தில் அதுவரை
களவென்றால் யானை செய்கிற வேலை.

பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம்.
சார்ஜன்ட் ஹேமசிறி வந்தார்,
நாற்பது தமிழ்ச் சொல்லோடும்
புதுக் கொப்பி ஒன்றோடும்.
'பயம் வேணாம். பெயர், அடையாள அட்டை, போன் நம்பர்.'
கொப்பி வாங்கு வாங்காய்ப் போனது,
பேனை மூடி கழற்றாமலே திரும்பி வந்தது.

பெயர் கொடுத்துப் பழகிய ஊர்.
கொடுத்த பெயர்களைத் தேடி
வவுனியா, பூசா, கொழும்பில் பெரிய ஆட்கள் தங்கும்
ஹோட்டல் வாசல் வரைக்கும் போன ஊர்.
என்னிடமும் ஒரு ஃபைல் இருக்கிறது.
அண்ணனை பஸ்ஸில் ஏற்றினோம்.
ஏற்றினவர் துண்டு தரவில்லை.
அவ்வளவுதான்.
பதினைந்து வருசத்தில் அதற்கு மேல்
ஒரு வரி கூடவில்லை.

மாதர் சங்கச் செயலாளர் என்றபடியால்
எழும்பிக் கேட்டேன்:
'காவல் நிற்கிறோம். ஆள் பிடிபட்டால் தருகிறோம்.
தந்தால், துண்டு தருவீங்களோ?'
கான்ஸ்டபிள் நளீம் மொழிபெயர்த்தான்.
'ரிசீட்டா? மனுசனுக்கா?'
பின்வாங்கில் இரண்டொருவர் சிரித்தார்கள்.
பெண்கள் பக்கம் ஒருத்தியும் சிரிக்கவில்லை.
அவர் எங்களையே பார்த்தார், கனநேரம்.
தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
'ஹரி' என்றார். 'தாறன்.'

வீட்டுக்கு ஒருவர், இரவுக்கு இரண்டு பொலிஸ்.
ஜீப்புக்கு டீசல் இல்லாத நாளில்
சைக்கிளில் வந்தார்கள்.
குளக்கட்டுக்கு அப்பால் கிளை முறிகிற சத்தம் கேட்டால்
துவக்கு வைத்திருப்பவர்தான் முதலில்
மேகநாதனின் சேட்டைப் பிடிப்பார்.
கச்சானும் தேத்தண்ணியும்
ஒரே மூடியில் மாறி மாறிக் குடித்தோம்.
இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

வைகாசி. நிலவில்லை.
மதகுக்குக் கீழே
ஆறு டோர்ச் ஒன்றாய் விழுந்த இடத்தில்
மோட்டரைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பொடியன்.
ஐந்து டோர்ச் உடனே அணைந்தது.
அணையாதது என்னுடையது.
ஜெயமலரின் கடைக்குட்டி.

'எங்கட பிள்ளை. விடுங்கோ,
விடிஞ்சாப் பிறகு கோயிலடியில வச்சுக் கதைப்பம்.'
'அப்ப என்ர மோட்டர்?' இருட்டுக்குள்ளிருந்து குணநாயகம்.
கட்டின் அந்த முனையில்
சைக்கிள் லைட் இரண்டு ஆடி ஆடி வந்தது.
பொடியன் என் முகத்தைப் பார்த்தான்.
வந்தவர்கள் கேட்டபோது
என் வாயிலிருந்துதான் போனது அவன் பெயர்,
முழுப்பெயராய், தகப்பன் பெயரோடு.
ஒரு பெயரைக் கொடுப்பது எவ்வளவு லேசு என்று
அப்போது தெரிந்தது.

பொலிஸ் ஸ்டேசன், இரவு இரண்டு நாற்பது.
சிங்களத்தில் எழுதத் தொடங்கினார்.
தமிழிலும் வேணும் என்றேன்.
'நீங்க எழுதுங்க' என்று பேனையைத் தந்தார்.

துவாரகன், வயது பத்தொன்பது,
உயிரோடு, காயமில்லாமல்,
ஒரு கால் செருப்போடு பொறுப்பெடுத்தேன்.

எழுத்தெழுத்தாய் வாசித்துக்கொண்டு வந்தவர்
'உயிரோடு' என்ற இடத்தில் நின்றார்.
'இது ஏன்?'
நளீம் அதை மொழிபெயர்க்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
கையெழுத்து, இலக்கம், திகதி.
மை காய்ந்த முத்திரையை
இரண்டு தரம் ஊதி ஊதிக் குத்தினார்.

ஜெயமலர் என்னோடு கதைக்கவில்லை,
இன்றுவரைக்கும்.
காலையில் வந்து துண்டை மட்டும் பறித்தாள்,
ஃப்ளாஸ்க்கோடு ஏழு மணி பஸ்ஸில் ஏறினாள்.
மூன்று சீற் தள்ளி நானும்.
கவுண்டரில் துண்டை நீட்டினாள்.
யாரோ வாங்கிப் பார்த்தார்கள்,
யாரோ உள்ளே கூப்பிட்டார்கள்.

ஒரு கால் செருப்போடு
வந்தான்.

நான் வாசலுக்குப் போய்
பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல்
றோட்டைப் பார்த்து நின்றேன்.