ஒன்றுவிட்ட

ரேஷன் நோட்டில் ஓடாலிஸ் பெயருக்கு நேரே
ஒன்றுவிட்ட தங்கை என்று எழுதியிருக்கிறது.
முப்பத்தோரு வருஷம்.
விட்டுப்போன அந்த ஒன்று எதுவென்று
ரொட்டிக் கடைக்காரர் கேட்டதில்லை.
ஆளுக்கொன்றாக இரண்டு ரொட்டி எண்ணிப் போடுவார்,
கோடு கிழிப்பார்,
அடுத்த ஆள்.

தெருவுக்குத் தெரியும்.
தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில்
எங்கள் தெரு கைதேர்ந்தது.

பித்தப்பை அறுவைக்கு அவளைக் கொண்டுபோன இரவு
பினார் டெல் ரியோ ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்:
நோயாளிக்கு நீங்கள் என்ன வேணும்?
எனக்கு அவள் வேணும்
என்று சொல்லியிருக்கலாம்.
ஒன்றுவிட்ட அக்கா என்றேன்.
கூடப் பிறந்தவர் இல்லையா, அப்போ வெளியே உட்காருங்கள்.
உட்கார்ந்தேன். நாற்காலிக்கு மூன்று கால்.
விடியும்வரை
நான்காவது காலாக என் கால்.

இந்த வருஷம் கூட்டம் போட்டுப் பேசினார்கள்,
புதுக் குடும்பச் சட்டம் பற்றி,
பள்ளி முற்றத்தில், எரிந்த ஒரே பல்பின் கீழ்.
குழந்தைகள் என்ன ஆவார்கள் என்றார் ஒருவர்.
முதலில் கரண்ட் கொடுங்கள், அப்புறம் கல்யாணம் என்றார் இன்னொருவர்;
எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.
என் தம்பி ரிகோபெர்த்தோ எழுந்தான்.
பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
ஆணும் பெண்ணும் என்று ஆரம்பித்தவன்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
செருப்பைப் பார்த்தான்.
போன வாரம் பட்டி அறுந்தபோது
அவன்தான் தைத்துக் கொடுத்திருந்தான்.

ஓட்டுப் போட வரமாட்டேன் என்றாள் ஓடாலிஸ்.
நான் மூச்சு விடலாமா என்று ஊரைக் கேட்பார்களாம்,
அதில் எனக்கும் ஒரு சீட்டாம்.
அவள் சொன்னது சரி.
சரியென்று தெரிந்துகொண்டே
ஞாயிற்றுக்கிழமை நான் போனேன்.
கயிற்றில் கட்டிய பென்சில். முனை மழுங்கல்.
பெருக்கல் குறி போட்டேன்,
கட்டத்துக்கு வெளியே போய்விடுமோ என்று கை நடுங்க.
பெட்டிக்குக் காவலாய்
சிவப்புக் கழுத்துத் துணியில் ஒரு பையன்;
சளியைத் துடைத்த அதே கையால் சல்யூட் வைத்து
வாக்களித்தார்! என்று கத்தினான்.
இந்த ஊரில் என்னைப் பற்றி
இவ்வளவு உரக்க
யாரும் எதுவும் சொன்னதில்லை.

திரும்பி வந்தால் வீட்டில் ஓடாலிஸ் இல்லை.
அரைமணி கழித்து வந்தாள்.
எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை.
அவள் விரல்களில் பென்சில் கரி.

திங்கள்கிழமை வானொலி சொன்னது: நிறைவேறியது.
மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலாம்.
மீதி ஒரு பங்கில் யார் யார் என்று
மனசு தெருவை வீடு வீடாக எண்ணத் தொடங்கியது;
நிறுத்தினேன்.
அதே வானொலி, அதே குரல், அடுத்த செய்தி:
புயல், மேற்கு நோக்கி.
மேற்கு என்றால் நாங்கள்.

செவ்வாய் விடியலில் சட்டம் அமலுக்கு வந்தது.
செவ்வாய் விடியலில் கூரை போனது.
குளியலறையில் ஒரே மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்தபடி
நாங்கள் இருவரும் அப்போது
சமம்தான்.
காற்று ஓய்ந்தபின் பார்த்தால்
படுக்கை, அரிசி, அவள் அம்மாவின் படம்
எல்லாம் ஊறிக் கிடந்தன.
ரேஷன் நோட்டு மட்டும் நனையவில்லை.
பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தாள்
ஒன்றுவிட்ட தங்கை.

நான்காம் நாள் ரிகோபெர்த்தோ வந்தான்,
எங்கேயோ பிறக்கிய தகரங்களோடு.
கூரை மேல் ஏறி
வாயில் ஆணிகளைக் கடித்தபடி சொன்னான்:
நான் இல்லையென்றுதான் போட்டேன்.
தெரியும் என்றாள் ஓடாலிஸ்,
ஏணியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு.
இப்போதும் இல்லைதான் என்றான்.
சரி, சுத்தியலைப் பார்த்து அடி.

பதிவு அலுவலகத்துக்கும் கூரை இல்லையாம்.
கரண்ட் வரட்டும், கணினி காயட்டும் என்கிறார்கள்.
வந்தால் கேட்பார்கள்:
இவர் உங்களுக்கு என்ன வேணும்?
இருட்டில் படுத்துக்கொண்டு
பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன்,
ஒருமுறை மெல்ல, ஒருமுறை சத்தமாக.
தூங்கேன் என்கிறாள் ஓடாலிஸ்.
தகரம் மூன்று குறைகிறது;
அந்த இடைவெளியில் நிலா வந்து
அவள் கண்ணில் அடிக்கிறது.
என் பக்கம் நகர்ந்து படுக்கிறாள்.