211க்குப் பிறகு 214

மல்லாவி நூலகத்தில் எடுத்த நாவலில்
ஒரு தாள் இல்லை.

கிழிந்த இடத்தில்தான் நிற்கிறான் தியாகசோதி,
அம்மன் வாசலில் இரண்டு பூப்பொட்டலத்தோடு.
காணாமல் போன தம்பியின் பேரில் மூன்று ஏக்கர்.
மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைத்தால்
வயல் இவனுக்கு.
வெள்ளை வந்தால் வை, சிவப்பு வந்தால் விடு.
யாரோ வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு
ஒன்றை எடுக்கச் சொல்கிறான்.
பிள்ளை கையை நீட்டுகிறது

214இல் பஸ்ஸில் இருக்கிறான்.
யன்னலோரம், முகத்தில் வெயில்.
வைத்தானா என்று கடைசிவரை ஒரு சொல் இல்லை.
இருந்து, எனக்குப் பிடிபடவில்லையோ.

ஓரத்தில் பென்சிலால் ஒருவர்: சிவப்பு.
கீழே நீல மையில்: வெள்ளை. எனக்குத் தெரியும்.
அதற்கும் கீழே, பள்ளிக்கூடத்து உருட்டெழுத்தில்:
அம்மனுக்கென்ன, அவளா உழப்போகிறாள்?

வியாழக்கிழமை யோகபுரம் போனேன்.
கொம்பனியின் மோட்டார் சைக்கிள்,
கொம்பனியின் ரசீதுப் புத்தகம்,
கொம்பனியின் சேட்டுக்குள் நான்.
சுகிர்தமலர். ஆறு கிழமை நிலுவை.
கிறவல் றோட்டில் எனக்கு முன்னால்
என் சத்தம் போய்விடும்.

படலையில் சின்னவன்: "அம்மா இல்லை."
வாசலில் அவளுடைய செருப்பு.
ஈரக் காலடி உள்ளே போயிருந்தது,
வெளியே வரவில்லை.
அடுப்பில் மரவள்ளி அவியும் மணம்.

பிரதீபன் சேர் பழக்கித் தந்தது:
முற்றத்தில் இரு. இருட்டும்வரை இரு.
சனம் பார்க்கட்டும்.
இருந்திருக்கிறேன்.
துணுக்காயில் ஒரு வீட்டில் இரவு ஒன்பது மணிவரை.
மேலிடத்து உத்தரவு என்றேன் எனக்குள்.
பிறகு, அவளின் தலையெழுத்து.
பிறகு, என் சம்பளம்.
மூன்றையும் மாறி மாறி விழுங்கினேன்
குளிசை போல.

குளக்கட்டுப் பிள்ளையார் அரைக் கட்டைதான்.
போய்க் கேட்கலாம்.
ஆனால் கேட்பதே ஒரு களவாகப் பட்டது,
முடிவை அவர் தும்பிக்கையில் திணித்துவிட்டு
வெறுங்கையோடு வருவது.

"மாமா, பொய் சொன்னால்
சாமி கண்ணைக் குத்துமா?"
என்னைப் பார்க்காமல்
பெட்ரோல் டாங்கியைப் பார்த்துக் கேட்டான்.

புத்தகத்தைத் திறந்து எழுதினேன்:
வீடு பூட்டியிருந்தது.
அவனுடைய பொய்க்குப் பக்கத்தில் என்னுடையது.
எது பெரிதென்று அளக்கவில்லை.

இதை இரக்கம் என்று சொல்லாதீர்கள்.
கடன் அப்படியே. வட்டி நித்திரை கொள்ளாது.
அடுத்த கிழமை வேறொருவனை அனுப்புவார்கள்,
அவன் இருப்பான்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
அந்த நேரம் யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை.
அது நிம்மதியாயும் இல்லை.

சனிக்கிழமை நாவலைத் திருப்பிக் கொடுத்தேன்.
தாளைக் கிழித்தது யார் என்று கேட்டேன்.
பதிவேட்டில் பதினேழு பெயர்.
எல்லோரும் முழுசாகத்தான் தந்தார்களாம்.

இரண்டு நாள் பிந்தியதற்குத் தண்டம்
பத்து ரூபா.
கட்டினேன்.
நூலகப் பிள்ளை
நாக்கை நுனிப்பல்லில் கடித்துக்கொண்டு
மிகக் கவனமாக
எனக்கொரு ரசீது எழுதினாள்.